டயரி செயலியில் எழுதுகிறீர்களா? கொப்பிக்கு ஒரு கொப்பி எடுத்து வையுங்கள்

நான் டயரி எழுதப் பழகியது சீ.ஆர். கொப்பியில். தடித்த அட்டை போட்ட அந்தக் கொப்பிகள் ஆறும் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றில் கறையான் லேசாக வாய் வைத்திருக்கிறது, மற்றபடி எல்லாப் பக்கமும் வாசிக்கலாம். 2017இல் போனில் எழுத மாறினேன். அந்த வருடம் தொடங்கி 2020 டிசம்பர்வரை எழுதியதில் இன்று என்னிடம் ஒரு வரி கிடையாது. அதைத் தின்றது கறையான் இல்லை, என் பெருவிரல்.

2020 டிசம்பர் 2. புரெவி சூறாவளி வருகிறது என்று திருகோணமலையே கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாள். போனில் இடமில்லை என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. கரண்ட் போவதற்குள் கொஞ்சம் இடம் உண்டாக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒவ்வொரு செயலியாகப் போய்த் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். அண்ட்ரொய்ட் போனில் அந்த இடத்தில் இரண்டு பட்டன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: ஒன்று கேஷை, அதாவது போனாலும் பரவாயில்லாத தற்காலிகக் கோப்புகளை அழிப்பது, மற்றது டேட்டாவை, அதாவது செயலிக்குள் நாம் வைத்த எல்லாவற்றையும் அழிப்பது. பத்துப் பன்னிரண்டு செயலிக்குக் கேஷை அழித்து அழித்துக் கை பழகிப்போய், டயரி செயலிக்கு வந்தபோது மற்றதை அமத்திவிட்டேன். நிச்சயமா என்று கேட்டது, அதற்கும் சரி என்று அமத்தினேன். பிறகு திறந்து பார்த்தால், உங்கள் முதல் குறிப்பை எழுதலாமே என்று சிரித்த முகத்தோடு வரவேற்கிறது. சூறாவளி அன்றிரவு எங்களுக்கு வடக்கே திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரையேறிப் போனது. எங்கள் வீட்டில் ஓடு ஒன்றுகூட அசையவில்லை.

கலியாணப் படம் தொலைந்தால் யாராவது சித்தப்பாவிடம் ஒரு பிரதி இருக்கும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் பிரதேச செயலகத்தில் இன்னொன்று எடுக்கலாம். டயரி அப்படியில்லை, அது யாரிடமும் இருக்கக்கூடாது என்றுதானே எழுதுகிறோம்? அதனால்தான் மற்ற எந்தக் கோப்பையும்விட இது சுலபமாக அடியோடு போய்விடுகிறது. இதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் கீழே எழுதுகிறேன். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, ஒரு பின்னேரம் போதும்.

முதலில், உங்கள் எழுத்து எங்கே இருக்கிறது?

இது தெரியாமல் மற்ற எதையும் செய்து பிரயோசனமில்லை. டயரி செயலிகளில் மூன்று சாதி உண்டு. ஒன்று, எழுத்தைப் போனுக்குள்ளேயே, தனக்கென்று உள்ள மூடிய இடத்தில் வைத்துக்கொள்வது. நான் இழந்தது அப்படிப்பட்டது. இரண்டாவது, கணக்குத் திறந்து உள்ளே போக வேண்டிய வகை. எழுத்து நிறுவனத்தின் சேர்வரில் இருக்கும், போனில் ஒரு பிரதி இருக்கும். மூன்றாவது, ஒப்சிடியன், ரெட்நோட்புக் மாதிரி, நீங்கள் காட்டிய ஃபோல்டரில் சாதாரண எழுத்துக் கோப்பாகவே எழுதிவைப்பது. ரெட்நோட்புக் மாதத்துக்கு ஒரு கோப்பு என்று வைக்கும், அந்த மென்பொருள் நாளைக்கு இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். எனக்கு இந்த மூன்றாவது வகையில்தான் நம்பிக்கை, ஆனால் பார்க்க அழகாக இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வகையில் எழுதுகிறவர்கள் பலர், கூகுள் எப்படியும் பேக்கப் எடுக்கும்தானே என்று இருந்துவிடுகிறார்கள். அண்ட்ரொய்டின் தானியங்கி பேக்கப் ஒரு செயலிக்கு 25 எம்பிதான் எடுக்கும். எழுத்து மட்டும் என்றால் 25 எம்பி என்பது பல வருடத்து டயரி. ஆனால் நிலாவெளிக் கடற்கரையில் எடுத்த நாலு படத்தைச் சேர்த்தாலே கணக்கு முடிந்துவிடும், அளவு தாண்டினால் அந்தச் செயலியின் தரவு மேலே போகவே போகாது. செயலியைச் செய்தவர் இந்த பேக்கப் வேண்டாம் என்று நிறுத்தியும் வைத்திருக்கலாம், அதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. செயலி மக்கர் பண்ணினால், அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் இருக்கிறதே, டயரி செயலிக்கு அதை வெளியே ஒரு பிரதி எடுக்காமல் செய்யவே கூடாது. ஐபோனில் ‘ஆஃப்லோட்’ என்று இருப்பதைச் செய்தால் செயலி மட்டும் போகும், தரவு இருக்கும். ‘டிலீட்’ என்றால் இரண்டும் போகும். திருத்தக் கடைக்குப் போனைக் கொடுக்கும்போதும் அப்படியே. ஸ்கிரீன் மாற்றக் கொடுத்த போனை, மெதுவாக இருந்தது, ரீசெட் பண்ணி விட்டேன் என்று நல்லெண்ணத்தோடு திருப்பித் தந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

சிங்க் இருக்கிறது, அது பேக்கப் இல்லை

என் மருமகள், அக்காவின் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “மாமா, எனக்குப் பயமில்லை, போனிலயும் இருக்கு, லெப்டொப்பிலயும் இருக்கு” என்றாள். சரி, போனில் ஒரு குறிப்பை அழி, லெப்டொப்பில் என்ன நடக்கிறது பார் என்றேன். சும்மா எழுதின ஒன்றை அழித்தாள். தேநீர் ஆறுவதற்குள் லெப்டொப்பிலும் காணோம்.

ஒரே எழுத்தை எல்லாக் கருவியிலும் ஒன்றுபோல வைத்திருப்பதுதான் சிங்க். கிணறு ஒன்று, வாளி இரண்டு. கிணற்றுக்குள் எலி விழுந்தால் எந்த வாளியால் அள்ளினாலும் அதே தண்ணீர்தான். சிங்க் செய்வது உங்கள் பிழையையும் சேர்த்து எல்லா இடத்துக்கும் கொண்டுபோவது, அது அதன் வேலை, குறை சொல்ல முடியாது. அழித்ததை மீட்கக் குப்பைக்கூடை இருக்கும்தான், கூகுள் டிரைவில் 30 நாள், ஐக்ளவுட் டிரைவிலும் 30 நாள். ஆனால் டயரியில் 2019 மாசி மாதம் காணாமல் போனதை 30 நாளுக்குள் யார் கவனிக்கிறார்கள்? போன மாதம் எழுதியதையே நாம் திரும்ப வாசிப்பதில்லை.

அழிப்பதைவிட மோசமானது, அழிந்ததே தெரியாமல் மாறிப்போவது. படுக்கையில் கிடந்து, ஒரு நீளமான குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். விரல் ஒரு சொல்லில் அதிக நேரம் நிற்கிறது, ‘முழுவதும் தெரிவு’ அமர்ந்துவிடுகிறது, அடுத்து நீங்கள் தட்டிய ‘க’ என்ற ஒரே எழுத்து இரண்டு பக்கத்தையும் விழுங்கிவிட்டு அந்த இடத்தில் தனியே நிற்கிறது. தானாகச் சேவ் ஆகும் செயலி என்றால் அந்தக் ‘க’வை உடனே சேவ் பண்ணிவிடும். இந்த இடத்தில் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. முதலில், செயலியை மூடாதீர்கள், பின்னால் போகும் பட்டனையும் தொடாதீர்கள். அண்டூ இருக்கிறதா பாருங்கள். கணினியில் கண்ட்ரோலும் இசட்டும், ஐபோனில் போனைக் குலுக்கினால் கேட்கும், அண்ட்ரொய்டில் பல செயலிகள் மேலே ஒரு வளைந்த அம்புக்குறி வைத்திருக்கும். அது கைகொடுக்கவில்லை என்றால் உடனே போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அப்புறம் லெப்டொப்பை எடுத்து, அதைத் திறப்பதற்கு முன்பே வீட்டு வைஃபையை நிறுத்திவிட்டு, பிறகு திறந்து அந்தக் குறிப்பைப் பாருங்கள். பழையது அங்கே இன்னும் இருந்தால், வேறொரு கோப்பில் ஒட்டி வைத்த பிறகுதான் இணைப்பைக் கொடுக்க வேண்டும். இப்படி நான் ஒரு தடவை தப்பியிருக்கிறேன், ஒரு தடவை பிந்திவிட்டேன்.

பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி செயலியில் இருக்கிறதா என்று இன்றைக்கே செட்டிங்ஸில் தேடுங்கள். ஜொப்லின் என்ற குறிப்புச் செயலியில் குறிப்பின் பழைய வடிவங்கள் 90 நாளுக்கு இருக்கும், அந்த எண்ணைக் கூட்டலாம். ஒப்சிடியனில் ‘ஃபைல் ரிகவரி’ என்று ஒன்று, 5 நிமிடத்துக்கு ஒரு தடவை படம் பிடித்த மாதிரி எடுத்து 7 நாள் வைத்திருக்கும், அதையும் கூட்டலாம். ஆனால் ஒப்சிடியனின் அந்தப் பழைய பதிப்புகள் அந்த ஒரு கருவிக்குள்தான் கிடக்கும். லெப்டொப் கடலில் விழுந்தால் அவையும் கடலில்தான்.

வெளியே எடுப்பது

செயலியின் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் என்று ஒன்று இருக்கும். இல்லை என்றால் அந்தச் செயலியில் எழுதுவதை நிறுத்துங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். இருந்தால், அங்கே பல வடிவம் காட்டும்: பிடிஎஃப், எழுத்துக் கோப்பு, ஜேசன் (செயலிகள் வாசிக்கும் வடிவம்), சிஎஸ்வி (அட்டவணை வடிவம்). ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பிடிஎஃப் வாசிக்க நன்றாக இருக்கும், பிரிண்ட் எடுக்கலாம், ஆனால் அதிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்கப் போனால் பல நேரம் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து வரும். ‘கொடி’ என்று தேடினால் கிடைக்காது, கண்ணுக்கு முன்னால் கொடி என்றே இருக்கும். சிஎஸ்வியை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரிவது வழக்கம். அதைப் பார்த்துப் பதறி, மூடும்போது கேட்கும் கேள்விக்குச் சேவ் என்று கொடுத்தால் நல்ல கோப்பும் கெட்டுப்போகும். சேவ் பண்ணாமல் மூடுங்கள், நோட்பேடில் திறந்து பாருங்கள், எழுத்து அப்படியே இருக்கும். நோட்பேடிலும் பழைய விண்டோஸ் என்றால் சேவ் பண்ணும்போது ‘ஆன்சி’ என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையைத் தமிழ் தெரிந்த ‘யூடிஎஃப்-8’ என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி வரிசை வரிசையாக நிற்கும். கேள்விக்குறியாகிப் போனதை எவராலும் திருப்ப முடியாது. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8இல் சேவ் பண்ணுகிறது.

பாமினியை மறந்துவிடாதீர்கள். இணையத்துக்கு முந்திய காலத்தில் வேர்ட்டில் பாமினி எழுத்துருவில் டயரி எழுதிய ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர், என் அக்காவும் ஒருத்தி. கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது, புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை மாதிரித் தெரியும். அழிந்துபோனது என்று நினைத்து வீசிவிடுவார்கள். அழியவில்லை. எழுத்துருவைப் போட்டால் திரும்பத் தமிழாகிவிடும், யுனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. ஆனால் டயரியைக் கண்ட கண்ட தளத்தில் ஒட்டாதீர்கள், இணையமில்லாமல் ஓடும் மாற்றியைத் தேடி எடுங்கள். மாற்றிய பிறகு பழைய கோப்பையும் வைத்திருங்கள், மாற்றும்போது சில எழுத்து பிசகும்.

என் முறை இது: ஜேசன் ஒன்று, சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று. ஜேசன் செயலிக்குள் திரும்பப் போடுவதற்கு, எழுத்துக் கோப்பு செயலியே இல்லாத காலத்தில் நான் வாசிப்பதற்கு. கோப்பின் பெயரில் தேதி இருக்க வேண்டும், வருடம் முன்னால், அப்போது வரிசை குழம்பாது. பழையதன் மேல் புதியதை எழுதாதீர்கள். போன மாதமே பாதி டயரி காணாமல் போயிருந்து, அது தெரியாமல் இந்த மாதப் பிரதியை அதன் மேல் போட்டால், கடைசி நல்ல பிரதியையும் நீங்களே அழித்ததாகிவிடும்.

செயலியின் டேட்டாபேஸ் கோப்பை நேரடியாகக் கொப்பி பண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல். பல செயலிகள் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் முறையில் எழுதுகின்றன. செயலி திறந்திருக்கும்போது கடைசியாக எழுதியவை முதன்மைக் கோப்பில் இன்னும் சேராமல், பக்கத்தில் உள்ள ‘வால்’ (-wal) என்று முடியும் கோப்பில் காத்திருக்கக்கூடும். தலையை மட்டும் எடுத்து வாலை விட்டுவிட்டால் நேற்று எழுதியது வராது. செயலியை முழுக்க மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை முழுதாக எடுங்கள்.

கரண்ட் விஷயம் உங்களுக்கே தெரியும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இல்லாமல் இருந்த ஊர் இது, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்தில் ஏறியதற்கு நாடு முழுக்க இருண்டது. மேசைக் கணினியில் எழுதுகிறவர் ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள், எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவைப் பிடுங்காதீர்கள். அவ்வளவுதான்.

எங்கே வைப்பது

மூன்று பிரதி, இரண்டு விதமான கருவியில், அதில் ஒன்று வேறு ஊரில். கணினிக்காரர்கள் 3-2-1 என்று சொல்வது இதைத்தான். கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த ஊரில், பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தேன் என்பது வேறு இடத்தில் வைத்ததாகாது. என் பென்டிரைவ் ஒன்று வவுனியாவில் அக்கா வீட்டில் இருக்கிறது, போகும்போதெல்லாம் மாற்றி வைப்பேன். உப்புக்காற்றில் பென்டிரைவின் உலோக வாய் பச்சை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் இங்கே உள்ளதை மூடி இறுக்கமான டப்பாவில் வைத்திருக்கிறேன். அதையும் வருடக்கணக்கில் தொடாமல் விடாதீர்கள், மின்சாரமே காணாமல் கிடந்தால் பென்டிரைவ் மெல்ல மெல்ல மறந்துவிடும்.

பிரட்ரிக் கோட்டை வாசலில், மான்களைத் தாண்டி உள்ளே போகும் இடத்தில், ஒரு தூணில் குளக்கோட்டன் என்ற அரசனின் திருப்பணி பற்றிய பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது. கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கோட்டைக்கு வைத்துக் கட்டியதில் எழுத்துக்கள் பாதிதான் மிஞ்சியிருக்கின்றன. முழுப் பாட்டும் நமக்குத் தெரிவது கல்லில் இருப்பதால் இல்லை, வேறு இடத்திலும் அது எழுதப்பட்டிருந்ததால்.

அக்கா வாசித்துவிடுவாளே என்றால், செவன்-ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டுக் கட்டிக் கொடுக்கலாம். அங்கேதான் அடுத்த பள்ளம். பாஸ்வேர்டை மறந்தால் அந்தக் கட்டு வெறும் கல். முனைக்கு முனை பூட்டும் செயலிகளும் அப்படித்தான், சாவி தொலைந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டும் பயனில்லை, அவர்களாலும் திறக்க முடியாது என்பதே அந்தப் பூட்டின் பெருமை. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதுங்கள். நான் என் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றில், கறையான் வாய் வைக்காத பக்கமாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். கூகுள் கணக்குக்கு 10 பேக்கப் குறியீடு தருவார்கள், அதையும் அதே பக்கத்தில். குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும் என்று விட்டுவிட்டு, ரீலோட் போடாமல் அந்த சிம் செத்துப்போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான். டயரிக்கென்று தனிக் கணக்குத் திறந்தவர்கள் இடைக்கிடை உள்ளே போய் வாருங்கள், 2 வருடம் எட்டிப் பார்க்காத கணக்கைக் கூகுள் அழிக்கலாம்.

ஒரு தடவை திறந்து பாருங்கள்

இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம், நானும் பல மாதம் செய்யவில்லை. போன விடுமுறைக்கு மருமகள் வந்தபோது, உடைந்த ஸ்கிரீனோடு கிடந்த என் பழைய போனை எடுத்துத் துடைத்து, அதில் செயலியைப் புதிதாகப் போட்டு, “மாமா, உங்கட பைலைத் தாங்கோ” என்றாள். கொடுத்தேன். ஓடியது, முடிந்தது, 412 குறிப்பு என்று காட்டியது. எனக்குப் பெருமை. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனவள், கன்னியா வெந்நீரூற்றுக்கு அம்மாவைக் கூட்டிப்போன நாளில் நின்றாள். எழுத்து இருக்கிறது, படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி. அடுத்த குறிப்பிலும் பெட்டி. எல்லாவற்றிலும் பெட்டி. ஏழு மாதமாக நான் எடுத்த பிரதிகளில் ஒரு படம்கூட இல்லை, ஏனென்றால் எக்ஸ்போர்ட் பக்கத்தில் கீழே, விரலால் தள்ளினால்தான் தெரியும் இடத்தில், படங்களையும் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் சரி போடாமல் கிடந்தது.

கட்டத்தில் சரி போட்டு, போனைச் சார்ஜில் வைத்து, திரும்ப எடுத்தோம். முன்பு 2 எம்பியாக இருந்த கோப்பு இப்போது 1 ஜிபியைத் தாண்டியது, அந்த வித்தியாசத்தைப் பார்த்தாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். உங்களிடம் படம் நிறைய இருந்து கோப்பு ஏதோ கைக்குறிப்பு அளவுக்குச் சின்னதாக வந்தால், சந்தேகப்படுங்கள். திறந்து பார்க்கும்போது எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை: மிகப் பழைய குறிப்பு ஒன்று, நேற்றையது ஒன்று, படம் உள்ளது ஒன்று, குரல் பதிவு இருந்தால் அது ஒன்று, மொத்த எண்ணிக்கை. பழைய போன் இல்லாதவர்கள் கணினியில் அந்த ஜிப்பை விரித்துப் பார்த்தாலே போதும், படங்கள் தனி ஃபோல்டரில் கிடக்கும்.

நான் இதற்குப் போயா தினத்தைப் பிடித்துக்கொண்டேன். மாதம் ஒன்று, லீவு நாள், கலண்டரில் ஏற்கெனவே போட்டிருக்கிறது, நினைவூட்டல் எதுவும் தேவையில்லை. காலையில் எக்ஸ்போர்ட், பிறகு பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. வவுனியாப் பிரதி மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான், பஸ் ஏறும்போது. போன போயாவுக்கு மறந்துவிட்டேன். பின்னேரம் மருமகளிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியின் படம் மட்டும் வந்தது, வேறு ஒரு சொல்லும் இல்லை. எழும்பிப் போய் லெப்டொப்பைத் திறந்தேன்.